அதிர்வு எங்கே போய் அடங்குகிறது?



2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் புதிய எம்.ஆர்.ஐ. கருவியை நிறுவிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை நடந்தபோது அங்கே பணியில் இருந்தவர்களின் ஐபோன்களும் ஆப்பிள் கைக்கடிகாரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக உயிரற்றுப் போயின. மற்ற நிறுவனங்களின் போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மின்காந்த அலை ஏதோ தாக்கிவிட்டது என்றுதான் முதலில் சந்தேகம் எழுந்தது. அப்படியென்றால் மருத்துவமனையின் மற்ற மின்னணுக் கருவிகளும் கெட்டிருக்க வேண்டும். அவை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன.

கடைசியில் பிடிபட்டது ஹீலியம். எம்.ஆர்.ஐ. காந்தத்தைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் ஆவியாகிக் கட்டடத்துக்குள் பரவியிருந்தது. எந்த போனுக்கும் உள்ளே ஒரு கடிகாரம் வேண்டும். அதன் தாளத்துக்குத்தான் மற்றச் சுற்றுகள் எல்லாம் நடக்கின்றன. பாதிக்கப்பட்ட கருவிகளில் அந்தத் தாளத்தைத் தந்தது, வெற்றிடமாக்கி மூடிய ஒரு நுண்ணறைக்குள் அதிர்ந்துகொண்டிருந்த சிலிக்கான் துண்டு. காற்று நுழைய முடியாத சுவர் வழியே ஹீலியம் அணு நுழைந்துவிடும். அவ்வளவு சிறியது அது. உள்ளே போன சில அணுக்கள் அதிர்வைக் கெடுத்தன, தாளம் தவறியது, போன் நின்றது. சில நாட்கள் நல்ல காற்றில் வைத்திருந்தபின் ஹீலியம் வந்த வழியே வெளியேற, பெரும்பாலான கருவிகள் மீண்டும் எழுந்தன.

கண்ணுக்குத் தெரியாத ஒரு அதிர்வியின் நலம் நம் அன்றாடத்தோடு எப்படிப் பிணைந்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அதிரும் பொருளின் ஆற்றல் எங்கே போகிறது, எந்த வழியாகப் போகிறது, அதை அடைக்க முடியுமா, எப்போது அடைக்கக் கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

பள்ளிப் பாடநூலில் தடையுறு அலைவு என்று படித்திருப்பீர்கள். வீச்சு குறைந்துகொண்டே போகும் ஒரு வளைகோட்டை வரைந்து, "உராய்வினால்" என்று ஒரு சொல்லோடு பாடத்தை முடித்துவிடுவோம். நானும் வகுப்பில் அப்படித்தான் படித்தேன். அந்த ஒரு சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு நிகழ்வுகள் கிடக்கின்றன. ஒன்று காற்றைப் பற்றியது, ஒன்று வெப்பத்தைப் பற்றியது, ஒன்று பொருளின் மேற்பரப்பில் ஒட்டிக்கிடக்கும் அழுக்கைப் பற்றியது. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நாளில்தான் இந்தத் துறை வளரத் தொடங்கியது.

முதலில் அளவுகோல். தரக்காரணி என்று பாடநூல் சொல்லும். ஆய்வகத்தில் எல்லோரும் க்யூ என்றே சொல்வோம். அதிர்வியில் சேர்ந்திருக்கும் ஆற்றலை ஓர் அலைவில் இழக்கும் ஆற்றலால் வகுத்து, இரண்டு பையால் பெருக்கினால் க்யூ. எண் பெரிதானால் அதிர்வு நீண்ட நேரம் நிற்கும். காற்றில் தட்டிவிட்ட இசைக்கவையின் க்யூ ஆயிரங்களில் இருக்கும். உங்கள் சுவர்க் கடிகாரத்துக்குள், நெல்மணி அளவுள்ள உலோகக் குப்பியில், குவார்ட்ஸில் செய்த இசைக்கவை ஒன்று இருக்கிறது. அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது படியில் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். குப்பிக்குள் வெற்றிடம். அதனால் க்யூ ஒரு லட்சத்தை எட்டும். பேட்டரியைத் துண்டித்துவிட்டால் ஏறத்தாழ அரை விநாடியில் அந்தக் கவையின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகக் குறைந்துவிடும். அரை விநாடி என்பது கொஞ்சமாகத் தோன்றலாம். அதற்குள் பதினாறாயிரம் முறை அதிர்ந்திருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி இழப்பு வழிகளுக்கு வருகிறேன். இவற்றைப் பற்றிப் பேசும்போது பல பொத்தல்கள் உள்ள ஒரு குடத்தை மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஒவ்வொரு பொத்தலின் கசிவும் தனித்தனியாகக் கூடிக்கொண்டே போகும். பெரிய பொத்தல் ஒன்று திறந்திருக்கையில் சிறியவற்றை எவ்வளவு கவனமாக அடைத்தாலும் நீர்மட்டத்தில் வேறுபாடு தெரியாது. பெரியதை அடைத்த பிறகுதான் அடுத்தது கண்ணுக்கே படும். கணக்கில் இதை க்யூவின் தலைகீழிகளின் கூட்டல் என்று எழுதுவோம். ஐம்பது ஆண்டுகளாக இந்தத் துறையின் வரலாறு, பெரிய பொத்தலை அடைத்து அதன் பின்னாலிருந்த அடுத்ததைக் கண்டுபிடித்த வரலாறுதான்.

முதல் பொத்தல் காற்று. அதிரும் தகட்டின் முன்பக்கம் காற்று மூலக்கூறுகளை எதிர்கொண்டு மோதுகிறது. பின்பக்கம் அவற்றை விட்டு விலகுகிறது. முன்பக்கத்தில் மோதல் அதிகம், வேகமும் அதிகம். அந்த வேறுபாடே தடை. அழுத்தம் குறைவாக உள்ள இடத்தில் இந்த இழப்பு அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறையும். காற்றை வெளியேற்றினால் போதும், க்யூ பத்து மடங்கு, நூறு மடங்கு ஏறும். அணுவிசை நுண்ணோக்கியின் கூர்முனையைத் தாங்கும் நெம்புகோல் காற்றில் சில நூறு என்ற க்யூவில் அதிரும். நல்ல வெற்றிடத்தில் பல்லாயிரத்தைத் தொடும். தண்ணீருக்குள் வைத்தால் பத்துக்கும் கீழே விழுந்துவிடும். ஒரே சிலிக்கான் துண்டு, ஒரே வடிவம். மாறியது சுற்றியிருப்பது மட்டும்.

இடுக்குக்குள் அகப்பட்ட காற்று இன்னும் கடுமையானது. நுண்கருவிகளில் அதிரும் தகட்டுக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் இடைவெளிதான் இருக்கும். தகடு இறங்கும்போது நடுவிலுள்ள காற்று ஓரங்களுக்குப் பிதுங்க வேண்டும். ஏறும்போது திரும்ப உறிஞ்சப்பட வேண்டும். இந்தப் பிதுக்கமே பெரும் ஆற்றலைத் தின்றுவிடும். அதனால் தகட்டில் வரிசையாகத் துளைகள் போடுவார்கள். எத்தனை துளை, எவ்வளவு பெரிது, எங்கே என்ற கேள்விகளுக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ருத்ர பிரதாப்பும் அவருடன் பணியாற்றியோரும் செய்த கணக்கீடுகள் உலகெங்கும் பயன்படுகின்றன. நம் அருகிலேயே நடந்த வேலை என்பதால் சொல்லிவைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இழப்பு எப்போதும் பகை என்று நினைத்துவிடாதீர்கள். காரில் காற்றுப்பையை விரியச் செய்யும் முடுக்கமானியை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி மோதியதும் அதன் உள்ளே உள்ள சிறு நிறை நகர வேண்டும், நகர்ந்த இடத்தில் உடனே நிலைக்க வேண்டும். அது மணி போல ஒலித்துக்கொண்டே இருந்தால் மோதலா குண்டும் குழியுமான சாலையா என்று சுற்றுக்குத் தெரியாது. ஆகவே அந்த அறைக்குள் வேண்டுமென்றே வாயுவை அடைத்து வைக்கிறார்கள். போன் திரும்புவதை அளக்கும் ஜைராஸ்கோப்புக்கோ உயர்ந்த க்யூ வேண்டும், அதற்கு வெற்றிடம். இரண்டையும் ஒரே சில்லில் செய்யும்போது, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறைகள், ஒன்றில் வாயு, மற்றதில் வெற்றிடம் என்று கட்டுகிறார்கள். எவ்வளவு இழப்பு வேண்டும் என்று தீர்மானித்து அதைச் சரியாகக் கட்டத் தெரிவதே பொறியாளரின் தேர்ச்சி.

இரண்டாவது பொத்தல் பிடிமானம். அதிரும் எதையும் எங்கேயாவது பொருத்தித்தான் ஆக வேண்டும்; பொருத்திய இடத்தின் வழியே அதிர்வு தளத்துக்குள் ஓடிவிடும். இசைக்கவையைத் தட்டி மேசையில் ஊன்றிப் பாருங்கள். ஒலி பெரிதாகும், ஆனால் சீக்கிரம் அடங்கும். மேசை கவையின் ஆற்றலை உறிஞ்சி அறைக்குள் ஒலியாக விநியோகித்துவிடுகிறது. கவைக்கு இரண்டு கிளைகள் இருப்பதே இதற்கு ஒரு மருந்து. கிளைகள் எதிரெதிராக அசைவதால் அவை காம்பில் கொடுக்கும் தள்ளல்கள் ஒன்றையொன்று பெருமளவு அழித்துவிடுகின்றன. 1711-இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய எக்காள இசைக்கலைஞர் இந்த வடிவத்தை உருவாக்கினார். குவார்ட்ஸ் கடிகாரம் அதையே அப்படியே எடுத்துக்கொண்டது.

பிடிமானத்தின் வழியே ஆற்றல் ஓடுவதைப் பற்றி மிக அழகாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். 1916-இல் அவர் கல்கத்தாவில் அரசின் நிதித்துறை அதிகாரி. ஓய்வு நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் இருப்பார். வயலின், செல்லோ வகைக் கருவிகளில் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் நாண் உறுமித் திக்கும். மேல்நாட்டு இசைக்கலைஞர்கள் அதை ஓநாய்ச் சுரம் என்பார்கள். அந்தச் சுருதியில் கருவியின் உடலே ஒத்ததிர்கிறது. வில் கொடுப்பதைவிட வேகமாக நாணின் ஆற்றலை உடல் இழுத்துக்கொள்கிறது. ஆகவே நாண் தன் இயல்பான அதிர்வைத் தக்கவைக்க முடியாமல் தடுமாறுகிறது என்று இராமன் காட்டினார். ஒளிச்சிதறல் ஆய்வுக்கு முன்பே அவர் செய்த இந்த வேலைகளை நாம் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை.

இன்றைய நுண்ணதிர்விகளில் பிடிமான இழப்பைத் தடுக்க ஒரு புதிய உத்தி கையாளப்படுகிறது. அதிர்வியைச் சுற்றி ஒழுங்கான இடைவெளியில் துளைகளும் கழுத்துகளும் வெட்டினால், குறிப்பிட்ட அதிர்வெண் பட்டைக்குள் உள்ள எந்த அலையும் அந்த வேலியைக் கடக்க முடியாது. ஃபோனான் படிகம் என்று பெயர். அதைப் பற்றிச் சற்று நேரத்தில் மீண்டும் பேசுகிறேன்.

மூன்றாவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஏனெனில் அது வெளியே எங்கும் போகாமல் பொருளுக்குள்ளேயே நடக்கிறது. ஒரு சட்டத்தை வளையுங்கள். உள்வளைவின் பக்கம் அமுங்குகிறது. வெளிவளைவின் பக்கம் நீள்கிறது. சூட்டில் விரியும் எந்தப் பொருளையும் அமுக்கினால் சற்றே சூடாகும், இழுத்தால் சற்றே குளிரும். ஆக, வளைந்த கணத்தில் சட்டத்தின் ஒரு முகம் சூடு, மறுமுகம் குளிர். சூடு குறுக்கே பாய்கிறது. பாய்ந்த வெப்பம் திரும்பி வந்து சட்டத்தை நிமிர்த்துவதில்லை. அந்தப் பாய்ச்சல்தான் இழப்பு. 1937-இல் கிளாரன்ஸ் ஸீனர் இதைக் கணக்காக எழுதினார்.

ஸீனரின் முடிவில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். மிக மெதுவாக அதிர்ந்தால் வெப்பத்துக்குச் சமன்பட நேரம் இருக்கிறது; இரு முகங்களுக்கும் இடையே வேறுபாடே எழுவதில்லை; இழப்பு குறைவு. மிக வேகமாக அதிர்ந்தால் வெப்பம் பாயுமுன்னே வளைவு திரும்பிவிடுகிறது. அப்போதும் இழப்பு குறைவு. அதிர்வின் நேரமும் வெப்பம் சட்டத்தைக் குறுக்கே கடக்கும் நேரமும் ஒத்துப்போகும் இடத்தில்தான் இழப்பு உச்சத்தைத் தொடுகிறது. பத்து மைக்ரோமீட்டர் தடிமனுள்ள சிலிக்கான் சட்டத்துக்கு அறை வெப்பநிலையில் அந்த இடம் ஏறத்தாழ பதினான்கு லட்சம் ஹெர்ட்ஸ். அங்கே மாட்டிக்கொண்டால் எவ்வளவு தூய சிலிக்கானாக இருந்தாலும் க்யூ பத்தாயிரம் என்ற அளவைத் தாண்டாது.

தடிமன் பாதியானால் வெப்பம் கடக்கும் நேரம் நான்கில் ஒன்றாகும். எனவே வடிவத்தை மாற்றி இந்த மோதலிலிருந்து விலக முடியும். சட்டத்தின் நடுவே மெல்லிய பிளவுகள் வெட்டி வெப்பத்தின் பாதையையே மாற்றுபவர்கள் உண்டு. இன்னொரு வழி குளிர்ச்சி. சிலிக்கானின் வெப்ப விரிவு 123 கெல்வினுக்கு அருகே, அதாவது மைனஸ் 150 டிகிரி செல்சியஸ் வாக்கில், பூச்சியமாகிறது. விரிவே இல்லையென்றால் அமுக்கும்போது சூடும் இல்லை. இந்தப் பொத்தல் தானாகவே அடைபட்டுவிடுகிறது. எதிர்கால ஈர்ப்பலை உணர்வுக்கூடங்களில் சிலிக்கான் ஆடிகளை இந்த வெப்பநிலையில் தொங்கவிடலாம் என்று திட்டமிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஸீனரின் தோராயமான கணக்கை நுண்ணளவுச் சட்டங்களுக்குத் துல்லியமாக்கி ரான் லிஃப்ஷிட்ஸும் மைக்கேல் ரூக்ஸும் 2000-இல் எழுதிய கட்டுரையை இத்துறைக்கு வரும் மாணவர் யாரும் தவறவிடக் கூடாது.

அதிர்வின் அலை போகும்போது படிகத்துக்குள் இயல்பாக அலைந்துகொண்டிருக்கும் வெப்ப அதிர்வுகளோடு உரசி ஆற்றலை இழப்பதும் உண்டு. அலெக்சாண்டர் அகீசர் 1939-இல் அதைக் கணக்கிட்டார். குறையே இல்லாத படிகத்துக்கும் இது உச்சவரம்பு. இதைக் குளிர்ச்சி மட்டுமே தணிக்கும்.

இப்போது மேற்பரப்பு. சிறியதாக்கிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நீண்ட காலம் கிடைத்த பதில் வருத்தமானது. சிலிக்கானைக் காற்றில் வைத்தவுடன் ஒன்றிரண்டு நானோமீட்டர் ஆக்சைடு படலம் படிந்துவிடும். நீர் மூலக்கூறுகள் ஒட்டும். மேற்பரப்பில் அறுபட்ட பிணைப்புகள் தொங்கும். இரண்டு நிலைகளுக்கிடையே தாவிக்கொண்டிருக்கும் அணுக்கள் அதிர்வின் ஆற்றலைச் சிறுகச் சிறுக உண்ணும். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள சட்டத்தில் இரு முகங்களிலும் ஒவ்வொரு நானோமீட்டர் கெட்ட படலம் இருந்தால் அது மொத்தத்தில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. நூறு நானோமீட்டர் சட்டத்தில் அதே படலம் நூற்றில் இரண்டு பங்கு. அதோடு விடவில்லை. வளைவில் அதிகம் அமுங்குவதும் நீள்வதும் மேற்பரப்புத்தான். ஆகவே வளைவு ஆற்றலில் ஏறத்தாழ ஆறு சதவீதம் அந்தக் கெட்ட படலத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். சிறிதாக்கினால் க்யூ தடிமனோடு சேர்ந்தே குறையும் என்பது இருபது ஆண்டுகளுக்கு முன்வரை இத்துறையில் விதி போலவே நிலவியது. சிறியதன் உணர்திறன் வேண்டும், ஆனால் சிறியதாக்கினால் அதிர்வு நீடிக்காது. பலர் இங்கேயே முட்டிக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சுவர் உடைந்த விதம்தான் இந்தப் பேச்சில் நான் மிகவும் சொல்ல விரும்பியது.

2006-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சிலிக்கான் நைட்ரைடில் மெல்லிய இழைகள் செய்தார்கள். எண்ணூறு டிகிரி செல்சியஸ் வாக்கில் படியவைத்த இந்தப் படலம் தனக்குள் பெரும் இழுவிசையைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஒரு கிகாபாஸ்கல் வரை. இரு முனைகளையும் பிடித்து நடுவிலுள்ள தளத்தை அரித்து எடுத்துவிட்டால் முறுக்கேறிய நாண் போல விறைத்து நிற்கும். அந்த நானோ இழைகளின் க்யூ அறை வெப்பநிலையிலேயே லட்சத்தைத் தாண்டியது. இத்தனைக்கும் சிலிக்கான் நைட்ரைடு ஒழுங்கான படிகமே கிடையாது, கண்ணாடி போன்ற பொருள். இழுவிசை இல்லாமல் அதே பொருளை வளைத்தால் க்யூ சில ஆயிரத்தோடு நின்றுவிடும். தாழ்ந்த பொருளில் உயர்ந்த க்யூ எப்படி?

விளக்கம் இதுதான். முறுக்கேறிய நாண் அதிரும்போது அதன் ஆற்றல் இரண்டு இடங்களில் சேர்கிறது. வளைவதில் ஒரு பங்கு. இழுவிசையை எதிர்த்து நீள்வதில் இன்னொரு பங்கு. வளைவில் சேர்ந்த ஆற்றல்தான் பொருளின் குறைகளுக்கு இரையாகிறது. இழுவிசையை எதிர்த்துச் சேர்த்த ஆற்றல் ஏறத்தாழ முழுமையாகத் திரும்பக் கிடைக்கிறது. இழுவிசையை ஏற்றினால் இரண்டாவது பங்கு பெருகும், முதல் பங்கு அப்படியே இருக்கும். இழப்பு கூடவே இல்லை, சேமிப்பு மட்டும் பல மடங்கு கூடுகிறது. இழப்பை நீர்க்கச்செய்தல் என்று இதைச் சொல்கிறார்கள். ஈர்ப்பலை ஆய்வாளர்கள் இதை முன்பே அறிந்திருந்தார்கள். லைகோ ஆய்வகத்தில் நாற்பது கிலோ ஆடியை நான்கு உருக்கிய சிலிக்கா இழைகளில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டரைவிட மெலிது. ஊசலாடும் ஆடியை மீட்பது பெரும்பாலும் புவியீர்ப்பு. புவியீர்ப்புக்கு உள்ளுராய்வு கிடையாது. 1994-இல் கேப்ரியேலா கொன்சாலஸும் பீட்டர் சால்சனும் இந்தக் கணக்கை விரிவாக எழுதினார்கள்.

நுண்ணுலகில் இதற்கு எதிர்பாராத ஒரு விளைவு உண்டு. வளைவு ஆற்றலின் பங்கு தடிமனின் வர்க்கத்தோடு குறைகிறது. மேற்பரப்புக் கேடு தடிமனுக்குத் தலைகீழாக ஏறுகிறது. இரண்டையும் சேர்த்தால் மெலிந்த இழைக்கே வெற்றி. மெலிதாக்கினால் கெடும் என்ற பழைய விதி, இழுவிசை வந்ததும் தலைகீழாகிவிட்டது. இயற்பியலில் ஒரே ஒரு விசையைச் சேர்த்ததால் பலவீனம் பலமாக மாறியதற்கு இதைப் போன்ற எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை.

அதன்பின் மிஞ்சியது ஒரு மூலை. நாண் பிடிமானத்தைத் தொடும் இடத்தில் திடீரென ஒடிந்து வளைகிறது. வளைவு ஆற்றலில் பெரும்பங்கு அந்தச் சிறு இடத்தில்தான். 2017-இல் கோப்பன்ஹேகனின் நீல்ஸ் போர் நிறுவனத்தில் யெகிஷே சதூர்யான், ஆல்பெர்ட் ஷ்லீசர் முதலானோர் இழுவிசையுள்ள மென்சவ்வில் தேனடை போலத் துளைகளைப் போட்டு, அதிர்வு ஓரத்தை அடையுமுன்னே மெல்ல மெல்லத் தேயும்படி செய்தார்கள். சற்று முன் சொன்ன ஃபோனான் படிகம் இங்கே இரண்டு வேலை செய்கிறது: பிடிமானக் கசிவையும் அடைக்கிறது, பிடிமானத்தில் வளைவையும் மென்மையாக்குகிறது. விநாடிக்கு 7,77,000 முறை அதிர்ந்த அந்தச் சவ்வின் க்யூ, அறை வெப்பநிலையில், 21.4 கோடி. உந்துதலை நிறுத்திய பிறகும் முக்கால் நிமிட அளவுக்கு அதன் ஆற்றல் தாக்குப்பிடிக்கும். மறு ஆண்டே சுவிட்சர்லாந்தின் லொசானில் டோபியாஸ் கிப்பன்பெர்க் குழு இருபது நானோமீட்டர் தடிமனுள்ள இழைகளில் 80 கோடியை அடைந்தது.

கால்டெக்கில் ஆஸ்கர் பெயின்டர் குழு வேறு பாதையில் போனது. அவர்களுடைய சிலிக்கான் சட்டம் விநாடிக்கு 500 கோடி முறை அதிர்வது. சுற்றிலும் ஃபோனான் வேலி. வெப்பநிலை கெல்வினின் நூறில் ஒரு பங்கு அளவில். 2020-இல் வெளியிட்ட க்யூ ஐயாயிரம் கோடி. அப்படியும் அதிர்வு நீடித்த நேரம் ஒன்றரை விநாடிதான். அதிர்வெண் அவ்வளவு உயர்ந்தது. க்யூவை மட்டும் கேட்டு வியப்பதற்கு முன் அதிர்வெண்ணையும் கேட்க வேண்டும் என்று இதனால்தான் மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். அதற்கு விடை 1905-இல் ஐன்ஸ்டைன் மகரந்தத் துகள் போன்றவற்றின் அலைவைப் பற்றி எழுதியதில் தொடங்குகிறது. மின்தடையில் எழும் இரைச்சலைப் பற்றி ஜான்சனும் நைக்விஸ்டும் 1928-இல் எழுதினார்கள். 1951-இல் ஹெர்பர்ட் காலனும் தியோடர் வெல்ட்டனும் அதைப் பொதுவிதியாக நிறுவினார்கள். முன்பு சொன்ன பொத்தல் குடத்தை ஒரு குளத்துக்குள் அமிழ்த்திவையுங்கள். உள்ளிருப்பது வெளியேறும் அதே துளை வழியேதான் குளத்து நீர் உள்ளே வருகிறது. ஆற்றல் கசியும் ஒவ்வொரு வழியும் வெப்ப இரைச்சல் நுழையும் வழி. எவ்வளவு கசிவோ அவ்வளவு இரைச்சல். இதற்கு விலக்கே கிடையாது.

ஒரு நுணுக்கம்: க்யூவை உயர்த்துவதால் அதிர்வியின் மொத்த வெப்ப அசைவு குறைவதில்லை; அதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. ஆனால் அந்த அசைவு முழுவதும் ஒத்ததிர்வெண்ணைச் சுற்றி ஒரு குறுகிய கோட்டில் குவிந்துவிடும். அதற்கு அப்பால் அமைதி. லைகோ 2015 செப்டம்பர் 14 அன்று கேட்ட ஈர்ப்பலை, அந்த அமைதிப் பகுதியில்தான் வந்தது. அதேபோல ஓர் அதிர்வி குவாண்டம் நிலையில் ஓர் அலைவாவது கலையாமல் இருக்க, அதிர்வெண்ணையும் க்யூவையும் பெருக்கினால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ ஆறு லட்சம் கோடி ஹெர்ட்ஸைத் தாண்ட வேண்டும். கடிகாரக் குவார்ட்ஸ் இதற்கு ஆயிரம் மடங்குக்கும் மேல் கீழே நிற்கிறது. கோப்பன்ஹேகன் சவ்வு இருபத்தைந்து மடங்குக்கும் மேலே போய்விட்டது. கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள், சாதாரண அறையில், குவாண்டம் விதிகளுக்கு உட்பட்டு அதிர்வதைக் காணும் வாய்ப்பை இது திறக்கிறது.

அளவிடலில் பலன் இப்போதே கிடைக்கிறது. பார்சிலோனாவில் ஏட்ரியன் பாக்டோல்ட் குழு 2012-இல் கார்பன் நானோகுழாய் ஒன்றை அதிரவைத்து, ஒரு புரோட்டானின் நிறை அளவுக்கு நுட்பமாக எடைபோட்டுக் காட்டியது. நம் கடிகாரக் குவார்ட்ஸ் கவையையும் குறைத்து நினைக்க வேண்டாம். அதன் ஒரு கிளையை அசையாமல் ஒட்டிவிட்டு, மறு கிளையில் ஊசிமுனை வைத்து ஃபிரான்ஸ் கீசிபிள் ஓர் உணரி செய்தார். அந்த வகை உணரியைக் கொண்டுதான் 2009-இல் சூரிச் ஐ.பி.எம். ஆய்வகம் பென்டசீன் என்ற ஒற்றை மூலக்கூறின் ஐந்து வளையங்களையும் படமெடுத்தது.

இத்துறையில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். சாதனை க்யூவைப் பெரிய எழுத்தில் அறிவிக்கும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. எந்த அழுத்தத்தில், எந்த வெப்பநிலையில், எந்த வழி எவ்வளவு கசிகிறது என்று பிரித்துக் காட்டுபவை குறைவு. தனிப்பட்ட பொத்தல்களின் பட்டியல் இல்லாத க்யூ அடுத்த ஆய்வாளருக்கு ஒன்றும் கற்றுத்தராது. பத்தாயிரம் க்யூ உள்ள ஓர் எளிய சட்டத்தை எடுத்து, அதில் காற்றின் பங்கு இவ்வளவு, பிடிமானத்தின் பங்கு இவ்வளவு, வெப்பத்தின் பங்கு இவ்வளவு என்று நேர்மையாகப் பிரித்துக் காட்டும் ஆய்வேட்டை நான் உயர்வாக மதிப்பேன்.

அந்த வேலையைத் தொடங்க நானோ ஆய்வகம் தேவையில்லை. இங்கே கல்லூரி ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் கவை எந்த மின்னணுப் பொருள் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அலையாக்கியும் அலைகாட்டியும் உங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. முதலில் குப்பி மூடியபடியே ஒத்ததிர்வு வளைகோட்டை மாணவர்களை எடுக்கச் சொல்லுங்கள். அதன் அகலத்திலிருந்து க்யூ வரும். பிறகு குப்பியின் கழுத்தைக் கவனமாக அறுத்துக் கவையைக் காற்றுக்கு வெளிக்காட்டி, மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள். வளைகோடு பத்து மடங்கு அளவுக்கு அகன்றிருக்கும். உச்சியும் சற்றுக் கீழே நகர்ந்திருக்கும். காற்றுப்பம்பு உள்ள கல்லூரிகள் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்து க்யூ ஏறுவதை வரைபடமாக்கலாம்; எந்த அழுத்தத்துக்குப் பிறகு ஏற்றம் நிற்கிறதோ, அங்கே காற்று என்ற பொத்தல் அடைபட்டு அடுத்தது தெரியத் தொடங்கியிருக்கிறது. இந்தக் கல்வியாண்டின் செய்முறைப் பட்டியலில் இதை ஒரு பரிசோதனையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.